திராட்சைக் கொடியைக் காட்டு

கொடி சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயப்பிரியா சேலைத் தலைப்பால் ஒரு முனையைத் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் அடுத்த முனையில் ஒரு துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, அவள் நெற்றியில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். காலையில் அவள் வெட்டிய இருபத்திரண்டு முனைகளும் அழுதுகொண்டிருந்தன.

மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்குக் கந்தவேல் கூப்பிடுவார். போனை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"கொடியைக் காட்டு புள்ள."

கந்தவேல் போர் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். திருச்செங்கோட்டில் அவர்கள் தெருவில் முக்கால்வாசி ஆண்கள் அப்படித்தான். ஆடிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார்கள். வந்ததும் குழாயைத் திறந்து பார்த்து, "தண்ணி நல்லா வருதா?" என்று கேட்பார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் கம்பம் பக்கம் வேலைக்குப் போன கந்தவேல், ஈரச்சாக்கில் சுற்றி ஒரு பன்னீர் திராட்சைக் குச்சியைக் கொண்டுவந்தார். போர்க்குழியில் இறக்கி மிஞ்சிப்போன கேசிங் பைப்புகளை நட்டுப் பந்தல் போட்டார். கொடி பந்தலை நிரப்பியது. மாடிப்படிக் கம்பியைப் பிடித்தது. துணி காயப்போடும் கயிற்றில் ஏறி, ஜெயப்பிரியாவின் பாவாடைகளோடு சேர்ந்து ஆடியது. எல்லாம் செய்தது, காய்ப்பதைத் தவிர. நான்கு வருடத்தில் இரண்டே இரண்டு கொத்து. அதில் ஒன்று அணிலுக்கு.

ஒவ்வொரு பொங்கலுக்கும் கந்தவேல் கத்தரிக்கோலோடு பந்தலுக்கு அடியில் போய் நிற்பார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் நிற்பார்.

"எதை வெட்டறது? எல்லாமே நல்லாத்தானே இருக்குது" என்பார். பழுத்த இலை மூன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலைத் திரும்பக் கொடுப்பார். "அடுத்த வாட்டி பாத்துக்கலாம். நான் இல்லாதப்ப யாரும் இதுல கை வெக்கக்கூடாது."

அறுநூறு அடி பாறையைப் பொடியாக்கி வெளியே தள்ளுகிற மனிதருக்கு ஒரு குச்சியை வெட்ட மனசு வரவில்லை. ஜெயப்பிரியாவுக்கு இது சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அந்தப் பொறாமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு செடி மேல் பொறாமை என்று வெளியில் சொன்னால் வீட்டில் வேப்பிலை அடித்துவிடுவார்கள்.

பொறாமைக்குக் காரணம் இருந்தது. மகள் அபிநயா கல்யாணமாகி பெங்களூரு போனபிறகு அவர்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதுவரை பேசியதெல்லாம் அபிநயாவின் மார்க்கு, அபிநயாவின் பல்லுக்குக் கம்பி, அபிநயாவின் மாப்பிள்ளை. அப்புறம், தினமும் ஆறு மணிக்கு வீடியோவில் வருவார்.

"சாப்டியா?"

"இன்னும் ஆறு மணியே ஆவுல. நீங்க?"

"மணியன் இப்பத்தான் அடுப்புப் பத்த வெக்கறான்."

பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சரி, வெக்கட்டுமா?" என்பார். முப்பத்தெட்டு விநாடி. போனே கணக்குக் காட்டும்.

இந்த ஐப்பசியில்தான் ஒருநாள் திடீரென்று, "கொடி எப்படி இருக்குது? காட்டு" என்றார். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். "அது என்னது, அந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெற்கு மூலையில் துளிர் விட்டிருக்கிறது என்றாள். "அப்புறம்?" என்றார். அணில் வந்ததைச் சொன்னாள். "அப்புறம்?" என்றார். அன்றைக்குப் பதினான்கு நிமிடம். மறுநாள் பதினாறு. தனக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே ஜெயப்பிரியாவுக்குப் புதிதாக இருந்தது. ஒரு இலை பழுத்ததைக்கூட ஊரில் நடந்த கல்யாணம் போல விவரித்தாள்.

போனை வைத்தபிறகு மட்டும் ஒரு முள் குத்தும். இருபத்தேழு வருடத்தில், "உன் முகத்தைக் காட்டு" என்று ஒருநாள் கேட்டதில்லை இந்த மனிதர். கொடியைக் காட்ட வேண்டுமாம்.

ஆனாலும் அந்தப் பதினாறு நிமிடம் அவளுக்கு வேண்டியிருந்தது. கொடி காய்த்தால் அது அரைமணி நேரமாகும். காயைப் பற்றிப் பேசலாம், பழத்தைப் பற்றிப் பேசலாம், அணிலை விரட்டியதைப் பேசலாம். அந்த எண்ணத்தில் இருந்தபோதுதான் மதில்சுவருக்கு மேலே சுவாமிநாதன் சாரின் தலை தெரிந்தது.

சுவாமிநாதன் பக்கத்து வீட்டுக்காரர். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடமாக ஜெயப்பிரியா அவருடைய தலையை மட்டுமே பார்த்துப் பழகியிருந்தாள்.

"அம்மிணி, மார்கழி வருது. இப்ப கவாத்து பண்ணினா சித்திரையில பழம். உட்டீங்கன்னா இன்னொரு வருசம் இலைதான்" என்றது தலை.

"எப்படிங்க சார் வெட்டறது?"

"பத்து நாளைக்குத் தண்ணி காட்டாதீங்க. அப்புறம் போன வருசம் ஓடுன குச்சியாப் பாருங்க, பென்சில் தடி இருக்கும். அடியில இருந்து நாலு கணு எண்ணுங்க. நாலாவதுக்கு மேல ஒரு விரக்கடை தள்ளி வெட்டுங்க. புதுக் குச்சியிலதான் காய்க்கும், அதுக்குத்தான் இந்த வெட்டு. மிச்சம் இருக்கற இலையெல்லாம் உருவிடுங்க."

"எல்லா இலையுமா?"

"எல்லா இலையும். பழனிக்குப் போய் மொட்டை போட்டாப்பல இருக்கோணும். பாவம் பாக்காதீங்க."

ஜெயப்பிரியா பாவம் பார்த்தாள். வெட்டப்போகிற ஒன்றைத் தண்ணீரும் கொடுக்காமல் பத்து நாள் காயப்போடுவதா? தினமும் வழக்கத்தைவிட இரண்டு குடம் கூடுதலாகவே ஊற்றினாள். பத்தாம் நாள் காலையில் கத்தரிக்கோலைத் தேடினால் காணோம். அந்த வீட்டில் இருந்த ஆயுதமெல்லாம் ரிக்குக்கு ஆனவை. பைப்பு அறுக்கும் ஆக்சா பிளேடைத்தான் எடுத்துக்கொண்டாள்.

முதல் குச்சிக்கு நாலு கணுவை மூன்று தடவை எண்ணினாள். மூன்றாவதில் பழகிவிட்டது. எட்டாவது குச்சியை அறுக்கும்போது ஏனோ நாத்தனார் நினைவுக்கு வந்தாள்; அறுப்பு மிக நேர்த்தியாக விழுந்தது. பன்னிரண்டாவது குச்சி சம்பந்தியம்மாள். அபிநயாவின் கல்யாணத்தில் பந்தியில் உப்பு இல்லை என்று சொன்னவள். இருபத்திரண்டு குச்சி முடிந்தபோது பந்தல் வெறிச்சென்றும் அவள் மனசு நிறைந்தும் இருந்தன. இத்தனை வருடமாக இதைச் செய்யாமல் எதற்காகத் தையல் வகுப்புக்கும் யோகாவுக்கும் போய்க்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

மத்தியானம் அழ ஆரம்பித்தது.

சுவாமிநாதன் சாரைக் கூப்பிட்டாள். சுவருக்கு மேலே தலை இல்லை. கோயமுத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வர நாலு நாளாகும் என்றார்கள் அவர் வீட்டில்.

ரிக்காரர் வீட்டில் எது ஒழுகினாலும் ஒரே வைத்தியம்தான். பைப்பு ஒட்டுகிற சொல்யூஷன். குழாய் ஒழுகினால் அது, வாளி ஒழுகினால் அது, ஒருமுறை கந்தவேல் செருப்புக்கும் அதையே போட்டார். ஜெயப்பிரியா டப்பாவைத் திறந்து, இருபத்திரண்டு முனைகளிலும் கெட்டியாகப் பூசினாள். சொட்டு நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"கொடியைக் காட்டு புள்ள."

"நெட்வொர்க் சரியில்லீங்க. படம் சுத்திட்டே இருக்குது" என்று போனைச் சேலை மேல் கவிழ்த்துக்கொண்டாள்.

"சரி, பரவால்ல. நீயே சொல்லு. எப்படி இருக்குது?"

அவள் சொன்னாள். கிழக்குப் பக்கத்து இலை எவ்வளவு அகலம், வெயில் அதில் எப்படி விழுகிறது, நேற்று ஒரு கொண்டைக்குருவி வந்து எந்தக் கிளையில் உட்கார்ந்தது. அந்தக் கிளை அப்போது அவள் காலடியில் கிடந்தது. இருபத்திரண்டு நிமிடம். அதுவரை பேசியதிலேயே அதிகம்.

மறுநாள் நெட்வொர்க்கைக் குறைசொல்ல வாய் வரவில்லை. குவித்துப் போட்டிருந்த குச்சிகளைத் தண்ணீர் தெளித்து எடுத்து, கட்டுக்கம்பியால் பந்தலில் திரும்பவும் கட்டினாள். முதல் நாள் தத்ரூபமாக இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் களைத்தது. மூன்றாம் நாள் கடைந்த கீரை மாதிரி தொங்கியது. பயந்துகொண்டேதான் காட்டினாள்.

கந்தவேல் வழக்கம்போல் போனைக் கை நீட்டும் தூரத்துக்கு எட்டிப் பிடித்திருந்தார். சிக்னலுக்காக என்று அவள் நினைத்துக்கொள்வாள். திரையில் அவருடைய மோவாயும் பின்னால் ஒரு புளியமரமும் தெரிந்தன.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் கந்தவேல்.

ஜெயப்பிரியாவுக்கு உயிர் வந்தது.

அடுத்த நாள் சுவருக்கு மேலே தலை தோன்றியது. முனை முனையாகப் பார்த்தது.

"இதென்ன அம்மிணி, முனையில?"

"சொல்யூஷனுங்க சார். ஒழுகிச்சு."

"பைப்பு சொல்யூஷனா?"

"ஆமாங்க. ரொம்ப அழுதுதுங்க."

சுவாமிநாதன் தலையைச் சுவரின் மேல் சாய்த்துக்கொண்டார். "அழுதா அழட்டும்னு உடோணும் அம்மிணி. வேரு உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். நாலு நாள் அழுதுட்டு அதுவா நிக்கும். நீங்க கணுவையெல்லாம் கருக்கி வெச்சிருக்கறீங்க."

அழுதால் அழட்டும் என்று விடுவது. ஜெயப்பிரியாவுக்கு அந்த வார்த்தை உள்ளே எங்கேயோ போய்த் தங்கியது. அபிநயாவைக் காரில் ஏற்றிய அன்று அவள் அழ ஆரம்பித்ததும், ஆளாளுக்கு வந்து காப்பியும் சோடாவும் கொடுத்து இரண்டு நிமிடத்தில் அடைத்துவிட்டார்கள். அது இன்னும் உள்ளே நிற்கிறதோ என்னவோ. அதை யோசிக்க இப்போது நேரம் இல்லை.

"இப்ப என்னுங்க சார் பண்றது?"

"கருகுனதுக்குக் கீழ மறுபடி வெட்டுங்க. ரண்டு கணு நிக்கும். அதுக்கப்புறம் தயவுபண்ணிக் கை வெக்காதீங்க. வெச்சீங்கன்னா கொடி இருக்காது, கேசிங் பைப்புதான் இருக்கும். அந்தச் செத்த குச்சியெல்லாம் ஏன் கட்டி வெச்சிருக்கறீங்க?"

"அவரு பாக்கறதுக்குங்க."

தலை இறங்கியது.

மறுவெட்டுக்குப் பிறகு பந்தலில் நின்றது கொடி இல்லை. துணி மாட்டும் கொக்கிகள். அன்றைக்கு ஜெயப்பிரியா சேலத்துக்குப் பஸ் ஏறினாள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் கல்யாண மேடைக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் இலைச்சரம் கேட்டாள். திராட்சை இலைதான் வேண்டும் என்றாள். கடைக்காரர் எடுத்துப் போட்டார். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு ஊதாக் கொத்து தொங்கியது.

"பழம் இல்லாம குடுங்க."

"பழம் இலவசம்ங்க."

"மார்கழியில எங்கிங்க திராட்சை காய்க்கும்?"

கடைக்காரர் பழத்தோடேயே சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். ஜெயப்பிரியா பஸ்ஸில் உட்கார்ந்து, வரும் வழியெல்லாம் பழத்தைப் பிய்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி இரண்டு கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பந்தலில் கட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். கண்ணை லேசாக மூடிக்கொண்டால் திராட்சைக் கொடிதான். ஆறு மணிக்குக் காட்டினாள்.

"பச்சையா இருக்குதில்ல?" என்றார் கந்தவேல்.

"பச்சைன்னா பச்சை, அப்படிப் பச்சைங்க" என்றாள்.

காலையில் தலை வந்தது. "கணுவு மேல வெயில் படோணும் அம்மிணி. அப்பத்தான் கண்ணு முழிக்கும். அதுக்கு மேல போய் பிளாஸ்டிக்கைப் போட்டு மூடியிருக்கறீங்களே."

அன்றிலிருந்து புது வேலை வந்து சேர்ந்தது. காலையில் சரத்தை அவிழ்க்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு ஏணி போட்டு ஏறித் திரும்பக் கட்ட வேண்டும். ஆறரைக்கு மறுபடி அவிழ்க்க வேண்டும். மார்கழியில் ஊரே வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்க, ஜெயப்பிரியா தன் கொடிக்குச் சேலை கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஏணியில் நிற்கும்போது சில சமயம் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில்கூட ஆறு மணிக்காக அவள் இப்படிச் சிங்காரித்துக்கொண்டு நின்றதில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தபோது அது நடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காற்று வந்தது. சரம் ஒருபக்கம் அவிழ்ந்து, பாம்பு போல நெளிந்து, முழுசாகச் சுவாமிநாதன் வீட்டுக்குள் போய் விழுந்தது. ஜெயப்பிரியாவின் கையில் போன், போனின் எதிரில் மொட்டைப் பந்தல். மறைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

கந்தவேல் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னமா தழைஞ்சிருக்குது பாரு" என்றார். "இத்தனை தழையையும் வெட்டோணும்னு நெனச்சாத்தான் மனசு கேக்க மாட்டீங்குது."

ஜெயப்பிரியா போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துதான் குத்திக் காட்டுகிறார். இருபத்தேழு வருடத்தில் கந்தவேல் கோபப்பட்டிருக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஒருமுறை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறார். குத்திப் பேசியதில்லை. அந்த அளவுக்கு அவருக்குள் ஆழம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. பயமாக இருந்தது. பயத்துக்கு நடுவில், இவரோடு இன்னொரு இருபத்தேழு வருடம் இருந்தால் இன்னும் என்னென்ன வெளியே வருமோ என்று லேசான ஆர்வமும் இருந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கொடி போனால் போகட்டும். பொங்கல் முடிந்து அவர் திரும்பிப் போனபிறகு ஆறு மணி என்னவாகும்? "சாப்டியா?" "நீங்க?" முப்பத்தெட்டு விநாடி. மீதிப் பொழுதுக்கு அவள் யாரிடம் இலையைப் பற்றிப் பேசுவாள்?

அடுத்த ஐந்து நாளும் போனைத் திருப்பாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். நாலு நிமிடம், மூன்று நிமிடம் என்று தேய்ந்தது. "ஏன் புள்ள, கொரல் ஒரு மாதிரி இருக்குது?" என்றார் கந்தவேல். ஒன்றுமில்லை என்றாள்.

போகி அன்று காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியது கந்தவேல் இல்லை. ரிக்கு சமையல்காரர் மணியன். குமாரபாளையத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, பன்னிரண்டு வருடமாகக் கந்தவேலுக்குச் சோறாக்கிப் போடுகிறவர். தோளில் இரண்டு பை.

"வாங்க மணியன். அவரு எங்கீங்க?"

"அண்ணன் பஸ்டாண்டுலயே எறங்கிட்டாருங்க்கா. கடைவீதியில ஒரு சோலி, முடிச்சிட்டு அரைமணி நேரத்துல வாரேன்னாரு. பையைக் குடுத்துட்டுப் போலாம்னு நான் முன்னால வந்தனுங்க."

ஜெயப்பிரியா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அரைமணி நேரம். யாரிடமாவது சொல்லிப் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. பெரிய வழக்குக்கு முன்னால் சின்னக் கோர்ட்டில் ஒருமுறை நிற்பது நல்லதுதானே.

"மணியன், இப்படி வாங்க" என்று பந்தலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனாள். மொட்டைக் கொக்கிகளைக் காட்டினாள். ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் சரத்தையும் காட்டினாள்.

மணியன் சரத்தைக் கையில் எடுத்துத் தடவினார். "நேருல இன்னும் நல்லாருக்குதுங்க்கா. போனுல கொஞ்சம் மினுமினுன்னு இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நாந்தானுங்க தெனமும் நம்பரைப் போட்டுக் குடுக்கறது. பக்கத்துலயேதான் நிப்பேன். மொதல்ல பச்சைக் கொடி, அப்புறம் வாடுன கொடி, அப்புறம் இது. காத்துல பறந்தப்ப எனக்கே ஐயோன்னு ஆயிப்போச்சு."

ஜெயப்பிரியா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. தெற்கு மூலையில், இரண்டே கணு விட்டிருந்த ஒரு குச்சியில், விரல்நகம் அளவுக்கு ஒரு துளிர் விரிந்திருந்தது. அதன் இடுக்கில் கடுகைக் கோத்தாற்போல் ஒரு சின்னஞ்சிறு பூங்கொத்து. இந்த நேரத்திலா வர வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

"இதையெல்லாம் பாத்துட்டு உங்கண்ணன் என்னங்க சொன்னாரு? ரொம்பக் கோவமா?"

மணியன் தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க, நீங்க வைவீங்கன்னுதான் மறைச்சு வெச்சிருக்காரு, ஐப்பசியில அண்ணனோட மூக்குக்கண்ணாடி கம்ப்ரசருக்கு அடியில உழுந்து நொறுங்கிப்போச்சு, இப்ப போயிருக்கறதே புதுசு வாங்கத்தான், முன்னயெல்லாம் உங்க மொகத்தப் பாத்தாப் போதும்னு போனை வெச்சிருவாரு, மொகந் தெரியாமப் போன அன்னிக்கிருந்துதான், கொரலாச்சும் கொஞ்சநேரம் கேக்கலாம்னு, தெனமும் உங்களைக் கொடியைக் காட்டச் சொல்றதுங்க்கா."